பேருந்துப் பட்டியலை நான் பிரித்த விதம்

பிள்ளைகளே, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆசிரியர் கேட்டால் 'தொழிற்சாலை வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு ஒரு நாள் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வேலை முடிந்து வந்தால் வாய் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது சின்ன விஷயம்தான். ஒரு கோப்பில் நான் ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அதனால் ஒரு அக்காவின் வேலை போக இருந்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் எனக்கு வந்த அசதி இன்னும் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜோகூரில் கூலாய்க்கும் செனாய்க்கும் நடுவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் நான் ஸ்டோரில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டி வரும், பெட்டி போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கரை அச்சடிக்கும் கணினியை ஒருவர் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டு, ஒரு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அது தகராறு செய்யும்போதெல்லாம் ஸ்டோரில் யார் அதற்குப் பக்கத்தில் நிற்கிறாரோ அவர்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பெரும்பாலும் நான்தான் நின்றேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் நான். கணக்கில் தேறியதே பெரிய விஷயம். இருந்தாலும் அந்தக் கோப்புகளைத் தாளில் அச்செடுத்து, தேநீர் நேரத்தில் பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தேன்.

எக்ஸ்எம்எல் கோப்பு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது எழுத்தில் எழுதிய பட்டியல்தான். ஒவ்வொரு பொருளும் கூரான இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கும். கூடவே தன்னைப் பற்றிய சில குறிப்புகளையும் வைத்திருக்கும். எந்த லாட்டில், அதாவது எந்தத் தொகுதியில் வந்தது, என்ன நிறம், என்ன எடை. இந்தக் குறிப்புக்குத்தான் அட்ரிபியூட் என்று பெயர். ஸ்டைல்ஷீட் என்பது இன்னொரு கோப்பு. முதல் கோப்பில் இருப்பதை எந்த வரிசையில், எந்த உருவத்தில் தாளில் இறக்க வேண்டும் என்று அது சொல்லும்.

எங்களுக்குத் தேவைப்பட்டது, பெட்டிகளை லாட் வாரியாகப் பிரிப்பது. கோப்பில் அவை தாறுமாறாகக் கலந்து கிடக்கும். உங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளை நினைத்துக்கொள்ளுங்கள். திடலில் சிவப்பு இல்லம், நீல இல்லம், மஞ்சள், பச்சை எல்லாம் கலந்து நிற்கிறது. எத்தனை நிறம் என்றுகூட உங்களுக்கு முன்னாலேயே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிரிப்பீர்கள்? புதிய ஸ்டைல்ஷீட்டில் 'நிறப்படி பிரி' என்று ஒரே கட்டளை இருக்கிறதாம். எங்கள் ஸ்டோர் கணினி பழசு, அதற்கு அந்தக் கட்டளை தெரியாது. சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும்.

முதலில் ஒரு சாவி செய்ய வேண்டும். சாவி என்றால் ஒரு தேடுபட்டியல். 'சிவப்பு' என்று கேட்டால் சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லாரையும் அது கொண்டுவந்து காட்டும். பிறகு திடலில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் போய், 'உன் நிறத்தில் முதல் ஆள் நீதானா?' என்று கேட்க வேண்டும். கணினி ஒவ்வொருவருக்கும் தானாகவே ஒரு அடையாள எண் கொடுத்திருக்கும். இவருடைய எண்ணும், சாவி காட்டும் முதல் ஆளின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இவர்தான் முதல் ஆள். ஒரு நிறத்துக்கு ஒருவர்தான் அப்படித் தேறுவார். அவர் கையில் கொடியைக் கொடுத்து முன்னால் நிறுத்தி, அதே சாவியால் அவர் நிறத்துக்காரர்களை எல்லாம் பின்னால் வரிசையாகக் கூப்பிட வேண்டும். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. எனக்கு இது மண்டையில் ஏற இரண்டு மாதம் பிடித்தது. ஏறிய அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியப்போகிறது?

சரி, பேருந்து விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துக் குத்தகை ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்து, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளுக்குப் போனது. பழைய டிரைவர்களுக்குப் பட்டியலே தேவைப்படாது. யார் எங்கே நிற்பார், யார் இரண்டு நிமிடம் தாமதமாக ஓடி வருவார், எல்லாம் மனப்பாடம். புது டிரைவர்கள் ஜோகூர் பாருவிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குத் தாள் வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது, அங்கே யார் யார் ஏறுவது என்று பிரித்துப் போட்ட தாள். மனிதவளப் பிரிவில் இருந்த கோப்பு, எல்லாரும் கலந்து கிடக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு. மேனேஜருக்கு ஸ்டோர் ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"பெட்டியப் பிரிக்கிற மாதிரிதானே? ஆளுங்களையும் பிரிச்சுக் குடுத்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றார்.

பெட்டி மாதிரிதான் என்று நானும் நினைத்தேன்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு வரி. பெயர், எண், பிரிவு, முகவரி, ஏறுமிடம் என்று ஒவ்வொருவருக்கும் ஐந்து குறிப்புகள். ஏறுமிடத்தை வைத்துப் பிரிப்பதுதான் நியாயம். ஆனால் பாதிப் பேருக்கு அந்த இடம் காலியாகக் கிடந்தது. பழைய டிரைவர் மண்டையில் இருந்ததை யாரும் கோப்பில் ஏற்றவில்லை. முகவரியைப் பார்த்தேன். ஒருவருக்குக்கூட காலி இல்லை. எல்லாம் நிறைந்து, சுத்தமாக இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. என் ஸ்டைல்ஷீட்டில் லாட் எண் இருந்த இடத்தில் எல்லாம் முகவரி என்று மாற்றினேன். மாசாய்ப் பக்கம் இருந்து வருகிறவர்கள் அடுக்குமாடி வாரியாக நின்றார்கள். கூலாய்க்காரர்கள் தாமான், அதாவது குடியிருப்பு வாரியாக நின்றார்கள். சிம்பாங் ரெங்கம் தாளில் ஒரே முகவரிக்குக் கீழே இருபத்து மூன்று பேர். டவுனில் உள்ள ஒரு மளிகைக் கடை.

அந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரு கடையில் எப்படி இருபத்து மூன்று பேர் குடியிருப்பார்கள்?

வேறு ஊர்க்காரன் பார்த்திருந்தால் உடனே கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு அது பழகிய விஷயம். சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்கள் பலர் வருகிறார்கள். அங்கே வீட்டு வாசல் வரைக்கும் தபால் வருவதில்லை. தோட்ட ஆபீசுக்கு வரும், ஆனால் ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். அதனால் டவுனில் சாமான் வாங்கும் கடையின் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். சாமான் வாங்கப் போகும்போது கிளறி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் அப்படி ஒரு தோட்டத்தில்தான் பிறந்தேன். என் பரீட்சை முடிவுக் கடிதமும் அப்படி ஒரு டின்னில் இருந்துதான் வந்தது, மேலே அரிசி மாவு ஒட்டியிருந்தது. அதனால் கடையின் பெயரைத் தாளில் பார்த்ததும் எனக்குத் தெரிந்த யாரையோ பார்த்த மாதிரி இருந்ததே தவிர, சந்தேகம் வரவில்லை. தாள்களை நேராக அடுக்கி, மூலையில் ஸ்டேப்ளர் அடித்து, மூன்றரை மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மேனேஜர், "ரொம்ப நீட்டா இருக்கே" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் உங்களுக்கு ரொட்டி சானாய் வாங்கிவந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை பேருந்து அந்த மளிகைக் கடை முன்னால் போய் நின்றது. கடை மூடியிருந்தது. டவுனிலேயே வாடகை அறைகளில் இருந்துகொண்டு கடை முகவரியைக் கொடுத்திருந்த ஒன்பது பேர் வந்து ஏறினார்கள். டிரைவர் தாளைப் பார்த்துக்கொண்டு மிச்சம் பதினாலு பேருக்காக இருபது நிமிடம் காத்திருந்தார். பிறகு நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விட்டார். அந்தப் பதினாலு பேரும் அங்கிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல் தள்ளி, தோட்ட நுழைவாயிலில் காவலர் கொட்டகைக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

அவர்கள் வாடகை வேன் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பேக்கிங் பிரிவில் அதுவரை இரண்டு வரிசை ஓடவில்லை. பத்து மணிக்குள் பதினாலு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் தயாராகிவிட்டது. பதிமூன்று பேருக்கு அது முதல் கடிதம், தலைவலியோடு போய்விடும். ஒருவருக்கு மட்டும் அது மூன்றாவது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பெட்டி ஒட்டும் டேப் வாங்க என் ஸ்டோர் ஜன்னலுக்குத் தினமும் வருவார். அந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இரண்டும் அவருடைய கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன நாட்கள். மூன்று கடிதம் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான்.

பதினொரு மணிக்கு ஜன்னலுக்கு வந்தார். டேப் கேட்கவில்லை.

"தம்பி, பஸ் லிஸ்ட் யாரு லா போட்டது?"

எனக்கு விஷயம் முழுசாகத் தெரியாது, ஆனால் என் தாள் என்று தெரியும். அப்படி இருந்தும் என் வாயில் வந்தது இதுதான்.

"கம்ப்யூட்டர்ல வந்தது கா."

"கம்ப்யூட்டருக்கு எங்க தோட்டத்த யாரும் காட்டலையா?"

"என்ன ஆச்சுன்னு பாக்குறேன் கா."

"பாரு பாரு. நீ பாக்குறதுக்குள்ள என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாளன்னிக்கு கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க." சொல்லிவிட்டு இரண்டு டேப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனதும் கோப்பைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கணினி ஒன்றும் தப்பு செய்யவில்லை. முகவரியை வைத்துப் பிரி என்று நான் சொன்னேன், அது பிரித்தது. ஒவ்வொரு முகவரிக்கும் முதல் ஆள் யார் என்று ஒழுங்காகக் கேட்டது, ஒழுங்காகக் கொடி கொடுத்தது. கடிதம் போய்ச் சேரும் இடத்தை ஆள் நிற்கும் இடம் என்று நினைத்தது நான். காலியாக இல்லாத குறிப்பு என்றால் சரியான குறிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் நான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கும் மேலிருந்து திட்டு. "முதல்ல லிஸ்ட்ட சரி பண்ணுங்க, அதுவரைக்கும் தோட்டத்து ஆளுங்க கம்பெனி வேன்ல வரட்டும். லெட்டர் விஷயம் புவான் பாத்துக்குவாங்க" என்றார். புவான் என்றால் மனிதவளப் பிரிவு அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

சரி பண்ணுவது என்றால் ஏறுமிடத்தை நிரப்ப வேண்டும். அதை எந்தக் கணினியும் சொல்லாது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேன்டீனில் மேசை மேசையாகப் போனேன்.

"என்னா அண்ணே, கல்யாணப் பத்திரிக வைக்க வந்தீங்களா?" என்றாள் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். மேசையே சிரித்தது.

"நீ எங்கம்மா ஏறுற?"

"கார்ட் கொட்டா முன்னாடி. நேத்து முழுக்க அங்கதான் நின்னோம், நீங்க பாக்கலையா?"

பக்கத்தில் இருந்த ஒரு அண்ணன் ரசம் குடித்துக்கொண்டே, "எனக்கு வீட்டு வாசல்னு எழுதுங்க. மாடி ஏறி வந்து எழுப்பச் சொல்லுங்க" என்றார்.

"உங்க வீட்டுக்கு ஏது மாடி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"லிஸ்ட்ல இருந்தா வந்துரும். இவருதான் கடைக்குள்ள இருபத்து மூணு பேரப் படுக்க வெச்ச ஆளாச்சே."

நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது? அவர்கள் என்னை ஏசவில்லை, அதுவே பெரிய மனசு. ஆனால் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நுழைவாயிலில் நிற்பவர்கள் பதினாலு பேர் இல்லை, பதினொருவர். மற்ற மூன்று பேர் அதற்கும் முன்னால், கோயில் முக்கில் நிற்கிறார்கள். பழைய டிரைவர் ஹாரன் அடித்து ஏற்றிக்கொள்வாராம். கூலாயில் ஒரே தாமானில் இருக்கும் ஆறு பேரில் இரண்டு பேர் பெரிய சாலைக்கு வந்து ஏறுகிறார்கள், நாலு பேர் பள்ளிக்கு எதிரில். மாசாய் அடுக்குமாடிக்காரர் ஒருவர் மகள் வீட்டில் தூங்கி அங்கிருந்து ஏறுகிறார். கோப்பில் யாருடைய காலைப்பொழுதும் இல்லை. அந்தக் கேன்டீன் வேலை செவ்வாய், புதன் இரண்டு மதியமும் பிடித்தது. நான் சாப்பிடவில்லை. உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த சோறு இரண்டு நாளும் அப்படியே வீட்டுக்கு வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. செவ்வாய்க்கிழமை மாலை, அதுவரை எழுதிய பெயர்களைக் கோப்பில் ஏற்றி, ஸ்டைல்ஷீட்டில் சாவியை ஏறுமிடத்துக்கு மாற்றி அச்சடித்தேன். வெள்ளைத் தாள் வந்தது. ஒரு பெயர்கூட இல்லை. கோப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சாவியை மாற்றிய நான், அந்தச் சாவியைக் கேட்கும் இடங்களில் பழைய முகவரியையே விட்டிருந்தேன். ஏறுமிடப்படி அடுக்கிய தேடுபட்டியலில் போய் மளிகைக் கடையைக் கேட்டால் யார் வருவார்கள்? யாரும் முதல் ஆள் இல்லை, யாருக்கும் கொடி இல்லை. மூன்று இடத்தில் ஒரே சொல்லை மாற்ற வேண்டும், நான் ஒன்றில்தான் மாற்றியிருந்தேன். களைத்த மூளை அப்படித்தான் வேலை செய்யும். பிள்ளைகளே, களைப்பாக இருக்கும்போது எதையும் முடித்துக் கொடுக்காதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் எப்போது களைப்பில்லாமல் இருக்கிறோம்?

புதன்கிழமை மூன்று மணிக்கு அக்காவைக் கையெழுத்துப் போட அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "நீ எதுக்கு?" என்றார். "வர்றேன் கா" என்றேன். 

புவான் மலாயில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். அவர் மேசையில் கடிதம் தயாராக இருந்தது.

"பேருந்து வராதது இவர் தப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். சிஸ்டம் கோளாறு என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்."

"எத்தனை நாள் ஆகும் புவான்?"

"ஒரு மாதம், ஒன்றரை மாதம்."

"ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில முடியுதே."

அவர் கடிதத்தைத் திருப்பி வைத்தார். அவருக்கும் விதி தெரியும், எனக்கும் தெரியும். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவர் விரலில் பேக்கிங் டேப் ஒட்டி உரிந்த வெள்ளைத் தோல் தெரிந்தது.

"சிஸ்டம் கோளாறு இல்லை புவான்," என்றேன். "சிஸ்டம் நான் சொன்னதைச் செய்தது. நான் தப்பான குறிப்பைக் கொடுத்தேன்." என் மலாய் உங்களுக்குத் தெரியும், தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். முகவரி எது, ஏறுமிடம் எது, கடையில் ஏன் இருபத்து மூன்று பேர் என்று பிஸ்கட் டின்னோடு சேர்த்துச் சொன்னேன். புவான் கம்பத்தில், அதாவது கிராமத்தில் வளர்ந்தவராம். டின் என்றதும் சின்னதாகச் சிரித்தார்.

பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுத்தில் கொடுத்தால் இன்றைக்கே இந்தக் கடிதத்தை ரத்து செய்ய முடியும். பதினாலு பேருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்தால் நான் உங்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தாக வேண்டும். பகல் வேலைக்கு மனு போட்டிருக்கிறீர்கள் இல்லையா? கோப்பில் கடிதம் இருந்தால் ஆறு மாதத்துக்கு அந்த மனுவைப் பார்க்க மாட்டார்கள்."

ஆமாம், போட்டிருந்தேன். இரண்டு வாரம் காலை, இரண்டு வாரம் மாலை என்று மாறி மாறிப் போகும் இந்த வேலையிலிருந்து நிரந்தரப் பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி. உங்களிடம் சொல்லியிருந்தேன், நீங்கள் நாட்காட்டியில் வட்டம்கூடப் போட்டீர்கள். அந்த வட்டம் ஒரு நொடி என் கண் முன்னால் வந்தது உண்மை. அப்பா பெரிய ஆள் மாதிரி உடனே பேனாவை எடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. முதலில் விரலை மடக்கி ஆறு மாதத்தை எண்ணிப் பார்த்தேன். அக்கா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

தாள் கேட்டு வாங்கி எழுதினேன். அரைப் பக்கம்.

புவான் பதினாலு கடிதத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 'பாத்தால்' என்று ரத்து முத்திரை குத்தினார். பதினாலு சத்தம். அதில் அக்காவுடையதை மட்டும் ஒரு நகல் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வெளியே நடையில் வந்ததும் அக்கா நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"உனக்குப் பகல் வேல கெடைக்கிற மாதிரி இருந்துச்சா?"

"பாப்போம் கா. ஆறு மாசந்தானே."

"அலமாக், ஆறு மாசம்." கொஞ்ச தூரம் நடந்தார். "நாங்களும் கடை அட்ரஸக் குடுத்தோம் லா. வேற எதக் குடுக்கிறது?"

"அது உங்க தப்பு இல்ல கா. நான்தான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கலாம். தெனமும் டேப் வாங்க வர்றேன், ஜன்னல்லயே கேட்டிருக்கலாம்." அதைச் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். வரிசை ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கடிதம் மறுநாள் வந்தது. விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அதை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பெரியவளே, நீதான் என் மலாயைத் திருத்திக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்பா இத்தன தடவ மன்னிப்புக் கேக்குறீங்க, ஒரு தடவ போதும்" என்று இரண்டு வரியை அடித்துவிட்டாய். அது என்ன கடிதம் என்று நீ கேட்டபோது ஆபீஸ் கடிதம் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு மாலை வேலை. தூங்கியிருக்கலாம். தூக்கம் வரவில்லை. நாலரை மணிக்கு எழுந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கம் தோட்ட நுழைவாயிலுக்குப் போனேன். புதிய தாள் சரியா என்று கண்ணால் பார்க்காமல் எனக்கு நிம்மதி இல்லை. காவலர் கொட்டகையில் ஒரே ஒரு விளக்கு. பனி மாதிரி ஈரம். பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்து யாரோ, "இன்னிக்கு லிஸ்டே மோட்டார்ல வந்திருச்சு" என்றார்.

ஐந்தே முக்காலுக்குப் பேருந்து வந்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று தலை தெரிந்தது, கோயில் முக்குக்காரர்கள். டிரைவர் கைவிளக்கில் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "ஆ" என்று சொல்லி ஏறினார்கள். அக்காவின் பெயர் ஏழாவது. அவர் ஏறும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மோட்டார இங்கயே விட்டுட்டு ஏறி வா தம்பி. முகத்தப் பாரு, வழியில தூங்கி விழுந்துடுவ."

டிரைவர் தாளைப் புரட்டினார். "இவரு பேரு இல்லையே. லிஸ்ட்ல இல்லாதவங்கள ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கடமையாகச் சொன்னார். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, எனக்கு மாலை வேலை, நீங்கள் போங்கள் என்று சொன்னேன்.

கதவு மூடியது. பதினாலு பேரோடு அது டவுன் பக்கம் திரும்பியது, அங்கே இன்னும் ஒன்பது பேர் ஏற வேண்டும். நான் அதன் பின்னால் கொஞ்ச தூரம் போனேன். மளிகைக் கடை முன்னால் ஒன்பது பேரும் ஏறியதைச் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணிப் பார்த்தேன். பிறகு பழைய சாலை வழியாக, நாற்பது கிலோமீட்டரும் மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைக் கழுவிக்கொண்டேன். ஏழு மணி தாண்டி மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: எல்லாரும் வந்தாச்சு. அக்காவின் ஒப்பந்தத்தை மாதக் கடைசியில் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள்.